தொண்டைக்கு வந்த நோட்டீஸ்

மேலப்பந்தலில் உலகம்மாளின் குரல் போனது ஒரு புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு. நேரத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் அதே நிமிடத்தில் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த பதினேழு வண்டிகளின் ஒலிபெருக்கிகளும் ஒன்றாக வாயடைத்துப்போயின. பூண்டு வண்டி, கருவாட்டு வண்டி, கோலப்பொடி வண்டி, பிளாஸ்டிக் குட வண்டி, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிற வண்டி என்று எல்லாம் அந்தந்தத் தெருமுனையில் சத்தமில்லாமல் ஊர்ந்தன. சனங்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள், கரண்டு போயிருக்குமோ என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் போனை எடுத்துப் பார்த்தார்கள். போனில் செய்தி வந்திருந்தது: ‘இந்தக் குரல் நாதமுத்திரை நிறுவனத்தின் சொத்து. உங்கள் வட்டாரத்தில் இதைக் கேட்க இயலாது.’ அதைப் படித்துவிட்டு, அப்படியா சங்கதி என்று அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

பதினேழு வண்டிக்கும் ஒரே குரல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உலகம்மாளும் அவள் புருஷன் முப்பிடாதியும் ஒரு குட்டியானை வண்டி வாங்கிப் பூண்டு வியாபாரம் தொடங்கியபோது, கூவிக் கூவி அவளுக்குத் தொண்டை புண்ணாகிவிட்டது என்று, சேவியரின் செல்போன் கடையில் வைத்து ஒருதடவை கூவச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ‘பூண்டேய்... மலைப்பூண்டேய்... உரிச்சா கை மணக்கும், தாளிச்சா தெரு மணக்கும்...’ என்று அவள் ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஆறு வயது மகள் கோமு மூட்டைமேல் ஏறிக் குதித்தாள். உலகம்மாள் ராகத்தை விடாமலே ‘ஏட்டி கோமு, மூடைய விட்டு எறங்கு’ என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு ‘அம்மா வாங்க, அக்கா வாங்க’ என்று முடித்தாள். அதட்டை மட்டும் வெட்டி எடுக்க சேவியருக்குத் தெரியவில்லை. இன்னொருதடவை கூவ உலகம்மாளுக்குத் தெம்பில்லை. அப்படியே இருக்கட்டும் என்று மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

பூண்டு நன்றாக விற்றதைப் பார்த்த கருவாட்டுக்காரன் அந்தக் கார்டைக் கேட்டு வாங்கிப் போய், முதல் வார்த்தையை மட்டும் தன் குரலில் ‘கருவாடேய்’ என்று மாற்றிக்கொண்டு மீதியை அப்படியே ஓடவிட்டான். அவனிடமிருந்து கோலப்பொடிக்காரன் வாங்கினான், கோலப்பொடிக்காரனிடமிருந்து குடக்காரன் வாங்கினான், பிளாஸ்டிக் குடமும் தாளித்தால் தெரு மணக்கும் என்று சொல்லப்பட்டு வீடு வீடாக விற்றது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் உலகம்மாள் சிரித்திருப்பாள். இப்படியாக ஜில்லா முழுக்க, விடிந்ததும் எழுபது எண்பது ஊர்களில், கோமு என்கிற பெண்பிள்ளையை மூட்டையை விட்டு இறங்கச் சொல்லி ஒரு தாயின் குரல் ஆணையிட்டுக்கொண்டே இருந்தது.

இறங்கி வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட கோமுவுக்கு அது சித்திரவதை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவள் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் ‘எறங்கு எறங்கு’ என்றார்கள். கணக்கு வாத்தியார்கூட ஒருநாள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அதையே முணுமுணுத்துச் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தவள், “இனி என்னய பேரு சொல்லிக் கூப்பிடாத. ஒன் வாயால எம் பேரக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது” என்றாள். உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே மறந்துபோய்ப் பேர் சொல்லித்தான் எழுப்பினாள். பெற்றவளுக்கு வேறு எப்படி எழுப்புவது என்று தெரியாது.

பிறகு எங்கோ ஒரு பெருநகரத்தில் எவனோ ஒரு வாலிபன் அந்தக் கூவலுக்குக் கீழே மேளச் சத்தத்தைப் போட்டு இணையத்தில் ஏற்றினான். கல்யாண வீடுகளில் ஆடினார்கள், கல்லூரி விழாக்களில் ஆடினார்கள், ‘எறங்கு’ என்ற இடத்தில் எல்லாரும் ஒன்றாகக் குனிந்து எழுந்தார்கள். கோடிப் பேர் பார்த்த பிறகு நாதமுத்திரை என்ற நிறுவனம் அந்த வாலிபனிடமிருந்து குரலை விலைக்கு வாங்கியது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் விற்க, அது தெரிந்தே இன்னொருவன் வாங்க, அதற்கு ஒப்பந்தம் என்று பேர் வைத்து ஏதோ ஒரு தீவில், யாரும் வசிக்காத ஒரு முகவரியில் பத்திரம் பண்ணிக்கொண்டார்கள். அவர்களிடம் ஒரு இயந்திரம் இருந்தது. அது கூவலைச் சொல் சொல்லாக நறுக்கி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பதிவு செய்து, உலகத்தில் அந்தக் குரலில் அந்தச் சொல் எங்கே கேட்டாலும் அடைத்துவிடும்படி ஏவிவிடப்பட்டது. அப்படி ஏவிவிடப்பட்டது கருவிகளோடு நிற்காமல் உலகம்மாளின் தொண்டைக்குள்ளும் போய் வேலையைச் செய்துவிட்டது.

அன்று காலை ஒலிபெருக்கி நின்றதும், பழைய பழக்கத்தில் அவளே வாயைத் திறந்து கூவப் பார்த்தாள். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. “இதென்னங்க கூத்து” என்றாள், அது தெளிவாக வந்தது. பூண்டு என்ற சொல் வரவில்லை, கை வரவில்லை, தெரு வரவில்லை. எதிரே வந்த சொந்தக்காரியை வரவேற்க ‘வாங்க’ என்று சொல்லப் போய் அதுவும் வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றவளைப் பார்த்து, வீட்டுப் படி ஏறவேண்டாம் என்கிறாள்போல என்று சொந்தக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே புண்ணில்லை, சதை வளரவில்லை, குரல்நாண்கள் நன்றாக இருக்கின்றன. “இது வியாதியில்லைம்மா, உரிமைப் பிரச்சனை. போன வாரம் ஒரு நாதஸ்வரக்காரர் வந்தார், மூச்சுவிடுற இடத்துல ரெண்டு நொடி அடைக்குதுன்னு” என்று சொல்லிவிட்டு, சும்மா அனுப்பக்கூடாதே என்று இருமல் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்.

ஊர் இதைக் கேட்டு அதிசயப்படவில்லை. அதிசயப்படுவதற்கு ஒரு மனசு வேண்டும், மேலப்பந்தலுக்கு அது எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. ஊருக்குப் பொறாமைதான் வந்தது. “பெரிய கம்பெனியே வந்து எடுத்திருக்கான்னா சும்மாவா? நல்லா வாங்கியிருப்பா, மறைக்கா” என்று குழாயடியில் பேசினார்கள். ஒன்றும் வாங்கவில்லை என்று உலகம்மாள் சத்தியம் செய்தபோது, அந்தச் சத்தியத்தையும் போனில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், என்றைக்காவது உதவும் என்று.

வக்கீல் திரவியம் ஊரில் படித்த மனிதர். விஷயத்தை முழுசாக விசாரித்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏ உலகம்மா, சேவியரு கடையில ஒன் கூவல ரிங்டோனா வச்சுக்கிடணும்னு ஒரு ஆப்பு எறக்குனியா?”

“ஆமா அண்ணாச்சி, எல்லாருந்தான் எறக்குனாவ.”

“அதுல ‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு கட்டம் வந்துச்சா?”

“வந்துச்சு. அழுத்துனாத்தானே அடுத்தது தெறக்கும்.”

“அதுக்கு மேல, கூவுனதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு நாப்பத்தோரு பக்கம் இருந்துச்சே, வாசிச்சியா?”

“நீங்க வாசிச்சீயளா?”

திரவியம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவரும் அழுத்தியவர்தான். மேலப்பந்தலில் பல் முளைத்த பிள்ளையிலிருந்து பல் விழுந்த கிழவன்வரை அந்தக் கட்டத்தை அழுத்தாதவர் ஒருவரும் கிடையாது. கோவில் பூசாரி அழுத்தியிருந்தார், தாசில்தார் அழுத்தியிருந்தார், சட்டம் எழுதியவர்களும் அழுத்தித்தான் இருப்பார்கள்.

பணிக்கன் வீட்டுச் சுப்பு என்கிற டீ மாஸ்டர்தான் முதலில் விழித்துக்கொண்டான். உலகம்மாளுக்கு வந்தது தனக்கு வந்துவிடக்கூடாது என்று, தான் டீயை இழுத்து ஆற்றுகிற விதத்தை வீடியோ எடுத்து இணையத்தில் தன் பேரில் பதிவு செய்தான். அன்று சாயங்காலமே எதிர்க் கடை மாஸ்டரின் கை டீயைப் பாதி ஆற்றும்போதே அந்தரத்தில் நின்றுவிட்டது. அவ்வளவுதான், கம்ப்யூட்டர் மையத்து வாசலில் ரேஷன் கடையைப் போல வரிசை நின்றது. முடிதிருத்துகிறவர் கத்தரியைச் சும்மா ரெண்டு தட்டு தட்டுகிற தாளத்தைப் பதிந்தார், தலைமையாசிரியர் தன் செருமலைப் பதிந்தார், பஸ் கண்டக்டர் ‘ரைட்’ சொல்லும் தோரணையைப் பதிந்து மற்ற பஸ்களை ஸ்டாண்டிலேயே நிறுத்தினார், செத்துப்போன அப்பாவின் தும்மலுக்காக அண்ணன் தம்பி இருவர் அடித்துக்கொண்டு ஆளுக்குப் பாதித் தும்மல் என்று பங்கு பிரித்தார்கள். திரவியமும் மரத்தடியில் தார்ப்பாய் கட்டி மேசை போட்டு, நோட்டீஸ் அனுப்ப வந்தவனுக்கும் நோட்டீஸ் வாங்கியவனுக்கும் ஒரே நாளில் ஆலோசனை சொன்னார். ஒருவரையொருவர் பார்த்துத்தான் நடக்க, சிரிக்க, கொட்டாவிவிடக் கற்றுக்கொண்டோம் என்பது அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ரெண்டே மாதத்தில் மேலப்பந்தலில் ஆட்கள் எதையும் பாதிவரைதான் செய்தார்கள். பாதிக் கும்பிடு, பாதிச் சிரிப்பு, மீதி யாருடையதோ.

உலகம்மாளுக்கு இதிலெல்லாம் கவனமில்லை. அவள் கவலை ஒன்றே ஒன்றுதான். மகளைக் கூப்பிட முடியவில்லை.

முதல் வாரம் கோமு சந்தோஷமாகத்தான் இருந்தாள். தெருவில் அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை, பையன்களுக்கும் அந்தக் கேலி பழசாகிவிட்டது. ரெண்டாம் வாரம் உலகம்மாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கைதட்டினாள். தலை சீவிக்கொண்டிருந்த கோமு திரும்பி, “நாயா நானு, கைதட்டிக் கூப்பிட?” என்றாள். முப்பிடாதி பார்த்துவிட்டு, பொண்டாட்டிக்குப் பதிலாகத் தானே ‘கோமு, ஒங்கம்மை கூப்பிடுதா’ என்று குரல் கொடுக்கத் தொடங்கினான். அவன் குரலில் அந்தப் பேருக்குத் தடையில்லை. ஆனால் அது அப்பா கூப்பிடுவது, அம்மா கூப்பிடுவது ஆகாது. கோமு வருவாள், சாப்பிடுவாள், அம்மாவின் வாயையே ஒரு நிமிடம் பார்த்திருந்துவிட்டுப் போவாள். ஒருநாள் காலையில் கண்ணை மூடிக்கொண்டு, விழித்துவிட்டவள்தான் என்று நன்றாகத் தெரியும்படி, ரொம்ப நேரம் படுத்தே கிடந்தாள். உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைத்து அசைத்துப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் பேர் தொண்டைவரை வந்து, அங்கே எவனோ போட்ட பூட்டில் முட்டிக்கொண்டு திரும்பியது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அழுதாள், அழுகைக்கு இன்னும் யாரும் உரிமை கோரியிருக்கவில்லை.

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் வேண்டாம். வியாபாரத்தக்கூட மணியடிச்சுப் பாத்துக்கிடுதோம். எம் பிள்ள பேர மட்டும் திருப்பி வாங்கித் தாங்க” என்று திரவியத்திடம் போய் நின்றாள்.

நாதமுத்திரை நிறுவனம் ஜில்லாத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து குறைதீர் முகாம் நடத்தியது. அதற்கும் மேலப்பந்தலில் பாதி ஊர் கிளம்பி வந்தது, உலகம்மாள்மேல் உள்ள கரிசனத்தால் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மணவறை போடுகிற மேடையில் நிகில் என்ற இளைஞன், கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஒரு பெரிய டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான். கெட்டவன் இல்லை, எல்லாரையும் மேடம் என்றான், சார் என்றான், தண்ணீர் பாட்டில் கொடுத்தான்.

“ஒரிஜினல் வாய்ஸ் உங்களோடதுன்னு சொல்றீங்க. ஓகே மேடம். அதுக்கு ப்ரூஃப்?”

“எந் தொண்டதான் சாட்சி, தம்பி.”

“சூப்பர். அப்ப ஒருவாட்டி சொல்லிக் காட்டுங்க, மேட்ச் பண்ணிப் பார்த்துடலாம்.”

உலகம்மாள் எழுந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். ஆறு வயதுப் பிள்ளையை அதட்டிய அத்தனை பலத்தையும் திரட்டிக் கூவினாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

“சத்தமே வரலையே மேடம்” என்றான் நிகில், நிஜமான வருத்தத்தோடு.

“வராதபடி அடச்சு வச்சது நீங்கதானேய்யா” என்றார் திரவியம். அவருடைய வாழ்நாளில் அவர் பேசிய நியாயமான வாதம் அது ஒன்றுதான்.

“அது வேற டிபார்ட்மெண்ட் சார். எங்க கிட்ட இருக்கிற வாய்ஸைக் கேளுங்க, எவ்ளோ க்ளியரா இருக்குன்னு” என்று நிகில் டேப்லெட்டைத் தட்டினான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு உலகம்மாளின் குரல் அந்த மண்டபத்தில் ஒலித்தது. பூண்டு மணத்தது, தெரு மணத்தது, பிறகு ‘ஏட்டி கோமு’ என்று அது அழைத்தபோது, பின்வரிசையில் முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமு தன்னையறியாமல் துள்ளி எழுந்தாள்.

“இந்தா வாரேம்மா!” என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் டேப்லெட்டைப் பார்த்து நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உலகம்மாள் மகளையும் அந்தக் கண்ணாடித் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பார்த்தீங்களா? பொண்ணே எங்க கன்டென்டுக்குத்தான் ரெஸ்பான்ட் பண்றாங்க” என்று நிகில் குறித்துக்கொண்டான். ஊர்க்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள், பாதித் தலையாட்டல். பிறகு அவன் மனமிரங்கி ஒரு தாளை நீட்டினான். “எங்க கம்பெனிக்கு மனிதாபிமானம் உண்டு மேடம். பெர்சனல் யூஸுக்கு லைசென்ஸ் தர்றோம். மகளோட பேரை நீங்க ஒரு நாளைக்கு மூணு தடவை சொல்லிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு ஹேர் ஆயில் விளம்பரம் பத்து செகண்ட் உங்க வாயிலயே வரும், அவ்ளோதான். கையெழுத்து மட்டும் போடுங்க.”

“போடு உலகம்மா, இது பெரிய சலுகை” என்றார் திரவியம். “போடுங்க மயினி, எங்களுக்கெல்லாம் இப்படிக் குடுப்பாங்களா?” என்றது ஊர். முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் பேனாவை வாங்கினாள். மூன்று தடவை போதும் என்று கணக்குப் போட்டாள். காலையில் எழுப்ப ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, ராத்திரி கதவடைக்குமுன் ஒன்று. எண்ணெய் விளம்பரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். பேனா தாளைத் தொட்டது.

கோமு மேடையேறி வந்து அந்தப் பேனாவைப் பிடுங்கினாள்.

“அந்தப் பேரு வேண்டாம்மா. அவனுவளே வச்சுக்கிடட்டும். என்னய அந்தப் பேரச் சொல்லி அந்தப் பொட்டி கூப்பிட்டாலும் வருதேன், பாத்தேல்லா? அப்ப அது எம் பேரு இல்ல. எனக்கு வேற பேரு வைம்மா.”

“என்ன பேரு வைக்க?” என்றாள் உலகம்மாள்.

“ஒனக்குத் தோணுதத வை. இப்பவே வை.”

கேட்டதுதான் தாமதம், மண்டபத்தில் நூறு கைகள் ஒன்றாக உயர்ந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு போன். டீ மாஸ்டர் சுப்பு பெஞ்சுமேல் ஏறினான். தலைமையாசிரியர் முட்டித்தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். திரவியம்கூடச் சட்டைப்பையிலிருந்து மெதுவாக எடுத்தார். யார் காதில் முதலில் விழுகிறதோ, யார் முதலில் ஏற்றுகிறாரோ அவருக்குச் சொந்தம். பதினோரு வருஷமாக இவள் கையால் பூண்டு வாங்கித் தின்ற சனம் அது. நிகில் டேப்லெட்டைத் திருப்பி மைக் பக்கத்தை அவள் வாய்க்கு நேரே பணிவாக நீட்டினான்.

உலகம்மாள் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் எதையும் திட்டவில்லை. திட்டினால் அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவார்கள். அவள் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள், பதினேழு வயதுப் பிள்ளையின் கால்கள் மேடைக்கு வெளியே நீண்டு கிடந்தன. அந்தப் பக்கங்களில் பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது காதில் மூன்று தடவை சொல்வார்கள். முந்தானையால் மகளின் தலையையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, உதடு காது மடலில் படும்படி குனிந்து, உலகம்மாள் மூன்று தடவை சொன்னாள். முந்தானைக்குள் என்ன நடந்தது என்பது வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கோமுவாக இருந்தவளின் கால்விரல்கள் மூன்று தடவை மடங்கி விரிந்ததை மட்டும் நூறு போன்களும் படம் பிடித்தன.

“என்ன பேரும்மா?” என்றான் நிகில். “என்ன பேருட்டி?” என்றது ஊர். அந்தப் பெண் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஊரார் கூட்டமாகத் திரும்பி ஓடினார்கள், சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டார்கள் என்று.

அந்தப் பேரை இதை எழுதுகிறவனிடமும் அவர்கள் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இங்கே எழுதும் அளவுக்கு அவன் முட்டாள் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் ரேஷன் அட்டையிலும் இன்றுவரை கோமு என்றுதான் இருக்கிறது, ஊரும் அப்படித்தான் கூப்பிடுகிறது. நாலு தெரு தாண்டிக் கேட்ட குரல் உலகம்மாளுடையது. இப்போது அவளுக்கு மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் இருக்கும் இடம்வரை நடந்து போய்க் காதில்தான் சொல்ல முடியும். அப்படித்தான் சொல்கிறாள்.

மகள் இப்போது நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொள்கிறார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி, மழையைப் பற்றி, முப்பிடாதியின் முட்டுவலியைப் பற்றி. போனில் உலகம்மாள் அந்தப் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும்போல் இருந்தால் பஸ் ஏறுகிறாள்.